கொண்டை ஊசி வளைவில் ‘டொக்’, குழியில் ‘லொடலொட’: பிக்கப் முன்பக்கச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

கேத்திக்காரன் | இழை தொடக்கம்

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரி கேத்தியில் இருந்து மலை இறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், பீட்ரூட் ஏற்றும் வண்டி. டீசல் பிக்கப், 2016 மாடல், டூ வீல் டிரைவ். முன்னாடி கமான் பட்டை கிடையாது, டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு). ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்.

கொஞ்ச நாளாக முன்பக்கம் சத்தம். குன்னூர் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடித்து வளைக்கும்போது ‘டொக்’ என்று ஒரு அடி. கிளீனர் உட்காரும் பக்கம், கால் வைக்கும் பலகைக்குக் கீழே இருந்து வருகிற மாதிரி இருக்கிறது. கேத்தி உள்ரோட்டில் தார் பெயர்ந்த இடத்தில் மெதுவாகப் போனாலும் லொடலொட என்று ஆடுகிறது. சரக்கோடு இறங்கும்போது சத்தம் குறைவு. காலி வண்டியாக ஏறி வரும்போதுதான் அதிகம்.

ஒரு பட்டறையில் காட்டினேன். ஜாக்கி ஏற்றி டயரை ஆட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை), பால் ஜாயிண்ட் (அந்தக் கையின் முனையில் இருக்கும் பந்து மூட்டு), ஷாக், டை ராடு எண்டு (ஸ்டியரிங் ராடைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். எது போயிருக்கிறது என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. சீசன் நேரம், அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை. ஆனால் தினமும் மலை இறங்குகிற வண்டி, அப்படியே விடவும் பயமாக இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?


கோத்தகிரி இலைவண்டி

நண்பரே, பால் ஜாயிண்ட்டிலும் டை ராடு எண்டிலும் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன வாய்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கிரீஸ் கன் வைத்துப் புதுக் கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். எங்கள் தேயிலை வண்டிக்கு அதுதான் வைத்தியம். பாதிச் சத்தம் அன்றைக்கே அடங்கிவிடும்.


குன்னூர் பட்டறை

தம்பி, எதையும் மாற்றாதீங்க. கிரீஸும் இப்போது அடிக்க வேண்டாம். முதலில் சில கேள்விகள்.

ஒன்று, அந்த ‘டொக்’ ஸ்டியரிங் பிடித்த கையில் தெரிகிறதா, காலில் தெரிகிறதா, இல்லை காதில் மட்டும் கேட்கிறதா? கையில் தெரிந்தால் ஸ்டியரிங் ராடு வரிசையில் எங்கோ ஆட்டம். காலில் அதிர்ந்தால் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடித்திருக்கிற ஏதோ ஒன்று: ஆர்ம் புஷ் (ஆர்ம் பிடிக்கிற இடத்து ரப்பர்), ஐட்லர் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் ராடைத் தாங்கும் கை) பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட்.

இரண்டாவது, லொடலொட சத்தம் வரும்போது பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் நிற்கிறதா? நின்றால் ஆர்ம் பக்கமே போக வேண்டாம். பிரேக் பேடு அதன் இடத்தில் ஆடுகிறது, இல்லையென்றால் பேடை அழுத்துகிற காலிப்பரின் பின் தேய்ந்திருக்கிறது.

மூன்றாவது, ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் நேராக ஏறினால் சத்தம் வருகிறதா, இல்லை ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போதுதானா?

இறங்கும்போது குறைவு, காலியாக ஏறும்போது அதிகம் என்று எழுதியிருக்கீங்க பாருங்க, அது நல்ல குறிப்பு. இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அதற்கு மேல் பிரேக்கும் பிடிக்கிறோம். அதனால் தேய்ந்த ஜாயிண்ட்கூட ஒரே பக்கமாக அழுந்தி நின்றுவிடும். ஏற்றத்தில் முன்பக்கம் இலகுவாகிறது. அழுத்தம் போனதும் அந்த இடைவெளி வாயைத் திறக்கும். இறங்கும்போது கேட்கவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீங்க.


கேத்திக்காரன்

ரொம்ப நன்றி அண்ணா. இன்று கவனித்துப் பார்த்தேன். ‘டொக்’ கையிலும் லேசாகத் தெரிகிறது, காலில் நன்றாகத் தெரிகிறது. பிரேக்கில் கால் வைத்தாலும் லொடலொட நிற்கவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறினால் சத்தமே இல்லை, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் உடனே வருகிறது.


மசினகுடி ஜீப்

குன்னூர் அண்ணன் கேட்ட மூன்றாவது கேள்விக்கு உங்கள் பதிலே பாதி விடை. ஸ்டெபிலைசர் பார் இரண்டு சக்கரத்தையும் குறுக்கே இணைக்கிறது. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கினால் அந்தப் பார் முறுக்கிக்கொள்ளாது, அதன் முனையைச் சக்கரப் பக்கம் இணைக்கிற லிங்க்கில் வேலையே இல்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கும்போதுதான் லிங்க்கும், பாரைச் சேசிஸில் பிடிக்கிற ரப்பரான டி புஷ்ஷும் இழுபடும். உங்கள் லொடலொட பெரும்பாலும் அங்கேதான். பார்க்கவும் சுலபம்: வண்டியைத் தரையில் நிறுத்தி, குனிந்து லிங்க்கைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கைக்கே ஆடினால் போயிற்று.

சில பேர் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்து உறுதி செய்வார்கள். சமதளத்தில், மெதுவாக, பட்டறைக்கு முன்னால் என்றால் சரி. லிங்க் இல்லாமல் மலை ரோட்டில் ஒரு வளைவுகூடப் போகாதீர்கள், வண்டி சாயும் அளவே மாறிவிடும்.

கோத்தகிரி நண்பர் சொன்ன கிரீஸ் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தேய்ந்த பால் ஜாயிண்ட்டுக்குள் கிரீஸ் நிரப்பினால் கொஞ்ச நாள் சத்தம் அடங்கும், தேய்மானம் அப்படியேதான் இருக்கும். ஊட்டியில் இருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே பால் கழன்று சக்கரம் மடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சத்தம் நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை. காரணம் தெரியும் முன்னால் அதை அடக்கக் கூடாது.


கோத்தகிரி இலைவண்டி

நான் சொன்னது பராமரிப்புக்கு. நிப்பிள் வைத்திருப்பதே கிரீஸ் அடிக்கத்தானே? தண்ணீரும் சேறும் உள்ளே போகிற மழைக்காலத்தில் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படாவிட்டால் நல்ல ஜாயிண்ட்டும் சீக்கிரம் போய்விடும். எங்கள் வண்டி எஸ்டேட் மண் ரோட்டிலேயே ஓடுகிறது, கிரீஸ் தவறாமல் அடிப்பதால்தான் ஜாயிண்ட் நிற்கிறது.


குன்னூர் பட்டறை

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், வரிசைதான் முக்கியம். முதலில் ஆட்டம் பார்க்க வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் தாராளமாகக் கிரீஸ் அடியுங்க. ஆட்டம் இருந்தால் கிரீஸ் அடித்து அதை மறைக்கக் கூடாது. நான் கிரீஸ் வேண்டாம் என்றதும் அதற்காகத்தான்: இப்போது அடித்தால் சத்தம் குறைந்து, தேடுவது கஷ்டமாகிவிடும்.

தம்பி, இப்போது ‘டொக்’குக்கு வருவோம். இதற்கு வண்டியைத் தூக்கக் கூடாது. சமதளத்தில், டயர் நான்கும் தரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்க. இன்ஜினை ஓட விட்டு உள்ளே ஒருத்தர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கால் சுற்றுக்கும் குறைவாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். வேகமாக வேண்டாம், தொடர்ந்து ஆட்டணும். நீங்க வெளியே இருந்து ஒவ்வொரு ஜாயிண்ட்டாகப் பாருங்க. டயர், ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது.

மேலிருந்து தொடங்குங்க. ஸ்டியரிங் தண்டிலிருந்து பாக்ஸுக்கு வருகிற ராடில் சின்ன யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கும். அதன் ஒரு முனை திரும்பியும் மறுமுனை திரும்பத் தாமதமானால் அங்கே தேய்மானம். அடுத்தது ஸ்டியரிங் பாக்ஸ். சேசிஸில் பிடித்திருக்கிற போல்ட் லூஸ் என்றால் பாக்ஸே அசையும். மலை வண்டிகளில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போல்ட்டைச் சுற்றிச் சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துவிட்டுப் பாருங்க. அப்புறம் பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து ராடைத் தள்ளும் கை), இரண்டு பக்கத்தையும் இணைக்கும் நடு ராடு, எதிர்ப்பக்கம் ஐட்லர் ஆர்ம், கடைசியாக டை ராடு எண்டுகள். கை எட்டுகிற இடத்தில் ஜாயிண்ட் மேல் விரல் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும்.

நம் ஊர் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம், பாக்ஸும் வலப்பக்கம். ஐட்லர் ஆர்ம் இடப்பக்கம், அதாவது கிளீனர் காலுக்குக் கீழே. சத்தம் அங்கே வருகிறது என்று நீங்க எழுதியதால் எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஆனால் சத்தம் சேசிஸ் வழியாகப் பயணம் பண்ணும், வலப்பக்கத்து அடி இடப்பக்கம் கேட்கலாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டே முடிவு பண்ணுங்க.


கோவை அலைன்மென்ட்

பட்டறையில் ஜாக்கி எங்கே வைத்தார்கள் என்று கேத்திக்காரர் சொல்ல முடியுமா? சேசிஸுக்குக் கீழேயா, லோயர் ஆர்முக்குக் கீழேயா?


கேத்திக்காரன்

சேசிஸுக்குக் கீழே சார்.


கோவை அலைன்மென்ட்

அப்படியானால் அந்தச் சோதனையை வைத்து பால் ஜாயிண்ட் நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

காரணம் இதுதான். பெரும்பாலான பிக்கப்பில் டார்ஷன் பார் லோயர் ஆர்மைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். சேசிஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்க விட்டாலும் அந்த அழுத்தம் போகாது. ஆர்ம் தன் கடைசி எல்லையில் முட்டி, ஜாயிண்ட் இறுக்கமாகவே நிற்கும். தேய்ந்த பால்கூட ஆடாது. லோயர் ஆர்முக்குக் கீழே, பால் ஜாயிண்ட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் பார் அழுத்தத்தை ஜாக்கி வாங்கிக்கொள்ளும், ஜாயிண்ட் விடுபடும். இப்போது டயருக்குக் கீழே கடப்பாரை விட்டு மெதுவாக நெம்புங்கள். ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரம் பொருந்தியிருக்கும் இரும்புப் பகுதி) நடுவில் மேலும் கீழும் அசைவு தெரிந்தால் அதுதான் ஆட்டம். எவ்வளவு வரை விடலாம் என்பது வண்டி மேனுவலில் இருக்கும். சில மாடலில் டார்ஷன் பார் அப்பர் ஆர்மில் பிடித்திருக்கும், அதற்கு ஜாக்கி வைக்கிற இடமே வேறு. பார் எந்த ஆர்முக்குப் போகிறது என்று முதலில் குனிந்து பாருங்கள்.

அதே நிலையில் டயரை மேலும் கீழும் பிடித்து, அதாவது கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இடத்தில், உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆடினால் உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காமல் ஆடினால் பால் ஜாயிண்ட். பிறகு 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராடு, ஐட்லர் பக்கத்து ஆட்டம் தெரியும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள். மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம், மழை பெய்த மண்ணில் ஜாக்கி இறங்கிவிடும். தடிமனான பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். சரிவு இருக்கிற இடத்தில் தூக்கவே வேண்டாம்.


பூம்பாறை மலைப்பூண்டு

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். கொடைக்கானல் பக்கம், பூண்டு ஏற்றுகிற பிக்கப். மலையில் ஓடும்போது ஒன்றும் இல்லை. வத்தலக்குண்டு தாண்டிச் சமவெளியில் 60க்கு மேல் போனால் முன்பக்கம் ‘ஊம்’ என்று ஒரு ரீங்காரம். வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது. இன்னொன்று, காலையில் பனியில் ஸ்டார்ட் பண்ணி ஸ்டியரிங் திருப்பினால் முனகுகிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது.


கோவை அலைன்மென்ட்

இரண்டும் வேறு வேறு. ரீங்காரம் வீல் பேரிங்காக இருக்கலாம், டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் அதே மாதிரிதான் கேட்கும். டயர் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள், ரம்பம் மாதிரி உரசினால் டயர். அது இல்லையென்றால், ஆள் நடமாட்டம் இல்லாத அகலமான ரோட்டில் மிதமான வேகத்தில் லேசாக இடம் வலம் அசையுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்துக்குப் போகும். அப்போது ரீங்காரம் கூடினால் இடது பேரிங். மறுபக்கத்துக்கும் அதே கணக்கு. மலையில் கேட்காததற்குக் காரணம் வேகம்தான். 20, 30இல் பேரிங் பேசாது. மலையிலேயே ஓடுகிற வண்டியில் பேரிங் ரொம்ப முற்றிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

காலை முனகலுக்கு முதலில் பவர் ஸ்டியரிங் ஆயில் அளவைப் பாருங்கள். குளிரில் ஆயில் கெட்டியாகும், பம்ப் இழுக்கச் சிரமப்படும். அளவு குறைந்து காற்றும் கலந்தால் முனகல் அதிகமாகும். டேங்க்கில் நுரை தெரிந்தால் காற்று போகிறது, உறிஞ்சுகிற பக்கத்து ஓஸ் கிளாம்ப்பைப் பாருங்கள். மேனுவலில் சொல்லியிருக்கிற ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். முனகாமல் ‘கீச்’ என்று கத்தினால் அது பெல்ட்.


மசினகுடி ஜீப்

இதோடு ஒன்று: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கடைசியில் பிடித்தால் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் வரும். அது பழுது இல்லை, அழுத்தம் கூடி வால்வு திறக்கிற சத்தம். ஆனால் அப்படியே 5 வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஆயில் சூடாகிப் பம்ப் கெடும். கொண்டை ஊசி வளைவில் முழுக்க ஒடித்தால் உடனே ஒரு பொட்டு தளர்த்திவிடுங்கள்.

என்னுடையது மாதிரி ஃபோர் வீல் டிரைவ் என்றால், முழுக்க ஒடித்து ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது ‘கடக் கடக்’ என்று சக்கர வேகத்துக்கு ஏற்ப அடிக்கும். அது ஆக்ஸில் வெளி ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும், டயர் உள்பக்கம் பார்த்தாலே தெரியும். கேத்திக்காரர் வண்டிக்கு அது இல்லை, வேறு யாராவது இந்த இழையைப் படித்தால் உதவும்.

புதிதாக ஜல்லி கொட்டிய ரோட்டில் போய்வந்து திடீரென்று காது கிழியும் இரும்புச் சத்தம் வந்தால் பதற வேண்டாம். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தகரத்துக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும்.


கேத்திக்காரன்

அண்ணா, பார்த்துவிட்டேன். மச்சான் ஸ்டியரிங்கை ஆட்ட, நான் கீழே பார்த்தேன். பாக்ஸ் அசையவில்லை, போல்ட் இறுக்கம், விரிசல் இல்லை. பிட்மேன் பக்கம் சுத்தம். ஐட்லர் ஆர்ம் மட்டும் ஸ்டியரிங் திரும்பும் ஒவ்வொரு தடவையும் முதலில் மேலே எழும்பி, அப்புறம்தான் பக்கவாட்டில் போகிறது. கையால் பிடித்து மேலும் கீழும் தள்ளினாலே ஆடுகிறது, அதே ‘டொக்’ சத்தம். இடது ஸ்டெபிலைசர் லிங்க்கில் கீழ் புஷ் பிய்ந்து பாதிதான் இருக்கிறது.

லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைத்துக் கடப்பாரை விட்டு நெம்பினோம். இரண்டு பால் ஜாயிண்ட்டிலும் அசைவு இல்லை. டை ராடு எண்டு வலது வெளிப்பக்கம் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது, ஆனால் ஆட்டம் இல்லை.

ஐட்லர் மாற்றும் வரை வண்டியை எடுக்கலாமா? நாளை மண்டிக்கு லோடு இருக்கிறது.


குன்னூர் பட்டறை

எடுக்காதீங்க தம்பி. லோடை வேறு வண்டியில் அனுப்புங்க. ஐட்லர் மேலும் கீழும் ஆடினால் அந்தப் பக்கச் சக்கரம் தானாகவே திசை மாறும். ஸ்டியரிங் நேராகப் பிடித்திருந்தாலும் குழியில் வண்டி ஒரு பக்கம் பிடுங்கும். பிராக்கெட்டோடு முழுதாகக் கழன்றால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. கல்லாறு வரை 14 ஊசி வளைவில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஐட்லர் ஆர்மைப் பிராக்கெட்டோடு செட்டாக வாங்குங்க. புஷ் மட்டும் தட்டிப் போடலாம் என்று சொல்வார்கள், உள்ளே இருக்கிற பின் தேய்ந்திருந்தால் அது நிற்காது. லிங்க் இரண்டு பக்கமும் மாற்றுங்க, விலை குறைவுதான். பூட் கிழிந்த டை ராடு எண்டையும் இப்போதே மாற்றிவிடுங்க. இன்று ஆட்டம் இல்லைதான், ஆனால் கிழிந்த பூட்டுக்குள் ஒரு மழை போதும். எப்படியும் அலைன்மென்ட் பண்ணத்தான் போறீங்க, ஒரே செலவாகப் போகட்டும். லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், ஷாக் எதையும் தொட வேண்டாம்.


கோத்தகிரி இலைவண்டி

ஐட்லர் ஆட்டம் என்று தெரிந்த பிறகு நானும் இதையே சொல்கிறேன், வண்டியை எடுக்காதீர்கள். நாளைக்கு மட்டும் என்றால் எங்கள் வண்டி மதியம் வரை சும்மாதான் நிற்கும். தனிச்செய்தி அனுப்புங்கள், டீசல் போட்டுக்கொண்டால் போதும்.


கேத்திக்காரன்

ரொம்ப நன்றி அண்ணா, லோடு உங்கள் வண்டியில் போய்ச் சேர்ந்தது.

ஐட்லர் செட், இரண்டு லிங்க், வலது டை ராடு எண்டு மாற்றியாயிற்று. குழியில் லொடலொட முழுக்க நின்றுவிட்டது. ஊசி வளைவு ‘டொக்’கும் இல்லை. பட்டறையில் முதலில் சொன்ன செலவில் சின்னப் பங்குதான் ஆனது.

இரண்டு சந்தேகம் மிச்சம். முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் கடைசியில் ‘கிர்ர்’ என்று ஒரு உரசல் வருகிறது. இன்னொன்று, டை ராடு எண்டு போட்டபோது நட்டை இறுக்கிய பிறகு காட்டர் பின் (நட்டு கழலாமல் குறுக்கே போடுவது) ஓட்டை நேராக வரவில்லை. பையன் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பின்னைப் போட்டான். அது பரவாயில்லையா?


கோவை அலைன்மென்ட்

உரசல் பெரிய விஷயம் இல்லை. சக்கரம் எல்லைக்கு வந்ததும் நக்கிள் ஆர்மில் இருக்கிற ஸ்டாப்பரில் முட்டும். அந்த இடம் காய்ந்து துருப்பிடித்திருக்கும். தேய்த்துத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். டயர் எங்காவது உரசிய தழும்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

காட்டர் பின் விஷயம் அப்படி விடக் கூடாது. ஓட்டைக்காக நட்டைத் தளர்த்தினால் உள்ளே எண்டின் கூம்புத் தண்டு சரியாகப் பிடிக்காது, ஓட ஓட ஆடி அது உட்காரும் ஓட்டையையே தின்றுவிடும். மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அடுத்த ஓட்டை வரும் வரை இறுக்க வேண்டும், ஒருபோதும் பின்னால் எடுக்கக் கூடாது. பழைய பின்னை மறுபடி போடாதீர்கள், புதியது போட்டு இரண்டு காலையும் மடக்குங்கள். இதை அலைன்மென்ட்டுக்கு முன்னாலேயே, இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அலைன்மென்ட்டுக்கு வரும்போது டயர் நான்கிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு பக்க உயரத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டார்ஷன் பார் போல்ட்டைத் திருகி உயரம் ஏற்ற வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுத்தான் டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) பார்க்க வேண்டும், ஏனென்றால் உயரம் மாறினால் டோவும் மாறும்.


கேத்திக்காரன்

சரிங்க சார். சாயந்திரம் பட்டறை திறந்ததும் நட்டை இறுக்கிப் புதுப் பின் போட்டுவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவேன். மேட்டுப்பாளையத்தில் அலைன்மென்ட் முடித்ததும் டோ எவ்வளவு இருந்தது என்று இங்கே போடுகிறேன்.